ஏபி பிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ்: ஒரு சைட்ல 5, இன்னொண்ணுல 4, எத நம்புறது?

ஹூடி_அம்மா

வணக்கம், பெங்களூர் ஹூடில இருந்து எழுதுறேன். பையன் லெவன்த், சிபிஎஸ்இ. வெளிநாட்டு காலேஜ் ஆசை இருக்கு, அதனால வர்ற மே மாசம் ஏபி பிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ் (அமெரிக்க காலேஜ் போர்டு நடத்துற பரீட்சை, 1லருந்து 5 வரைக்கும் கிரேடு, 5தான் உச்சம்) எழுதுறான், அவன் ஸ்கூல்ல அந்தப் பாடம் நடத்துறதில்ல, தானாதான் படிக்குறான், வேற ஒரு ஸ்கூல்ல சென்டர் போட்டு பதிவும் பண்ணியாச்சு.

போன ஞாயித்துக்கிழமை கைடு புக்ல இருந்த மாடல் பேப்பர் ஒண்ணு டைம் வச்சு முழுசா எழுதினான். எம்சிக்யூ (நாலு ஆப்ஷன்ல ஒண்ண தேர்ந்தெடுக்குறது) 40க்கு 29. எஃப்ஆர்க்யூ (விரிவா எழுதுற கேள்வி) அவனே திருத்திக்கிட்டான், 40க்கு 25னு போட்டுக்கிட்டான். இத கொண்டுபோய் நெட்ல இருக்குற ஸ்கோர் கால்குலேட்டர்ல போட்டா ஒண்ணு 5ங்குது, ஒண்ணு 4ங்குது, மூணாவது ஒண்ணு 35 கேள்வில எத்தனை சரின்னு கேக்குது, இவன் எழுதினதோ 40! எஃப்ஆர்க்யூக்கும் மூணு கட்டம்தான் இருக்கு, நாலாவது கேள்விய எங்க போடுறதுன்னு தெரியல. அன்னிக்கு பூரா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு சோறு கூட ஒழுங்கா திங்கல.

நான் தர்மபுரி பக்கம் தமிழ் மீடியம், ப்ளஸ் டூவோட பிசிக்ஸ்க்கு ஒரு கும்பிடு போட்டுட்டு பிகாம் போயிட்டேன், இப்போ அக்கவுண்ட்ஸ் வேலை. அவனுக்கு சொல்லிக்குடுக்க எனக்கு தெரியாது. கேள்வி ரெண்டுதான். அவனோட நிஜமான மார்க் என்னன்னு எப்படி கண்டுபுடிக்குறது? இன்னும் ரெண்டரை மாசத்துல அத எப்படி ஏத்துறது? டியூஷன் சேருங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, வீட்டுலருந்து எங்க போனாலும் போய் வர்றதுலயே பாதி நாள் போயிடுது.

ஜெயநகர்_வாத்தி

மேடம், அந்த மூணாவது கால்குலேட்டர மொதல்ல மூடுங்க, அது பழைய பரீட்சைக்கு செஞ்சது. 2024 வரைக்கும் 45 நிமிஷத்துல 35 எம்சிக்யூ, இன்னொரு 45 நிமிஷத்துல தலா 15 மார்க்ல மூணு எஃப்ஆர்க்யூ. 2025 மே மாசத்துல இருந்து எல்லாம் மாறிப்போச்சு, 80 நிமிஷத்துல 40 எம்சிக்யூ, 100 நிமிஷத்துல நாலு எஃப்ஆர்க்யூ, அதுங்களுக்கு மார்க் வரிசையா 10, 12, 10, 8. ரெண்டு பாதிக்கும் சரிபாதி வெயிட்டு. இதுல ஒரு சௌகரியம் பாருங்க, ரெண்டுமே 40 மார்க்குங்குறதால சும்மா கூட்டினா போதும், எதையும் பெருக்க வேண்டியதில்ல. உங்க பையன் கணக்குப்படி 29ம் 25ம் 54, 80க்கு.

54 எந்த கிரேடுன்னு கேட்டா, அந்த கோடு வருஷா வருஷம் கேள்வித்தாள் கஷ்டத்த பொறுத்து நகரும், அதனாலதான் ஒவ்வொரு சைட்டும் ஒண்ணு சொல்லுது, எல்லாம் அவங்கவங்க யூகம். நம்மூர் போர்டு எக்ஸாம் மாதிரி 90 சதவீதம் எடுத்தாதான் உச்சம்னு நெனச்சு பயப்படாதீங்க, அதுக்கு ரொம்ப கீழயே 5 வந்துடும். என்கிட்ட படிக்குற பசங்களுக்கு 80க்கு 56னு ஒரு கோடு வச்சிருக்கேன், அத தாண்டினா நான் நிம்மதியா தூங்குவேன். அது என் கோடு, காலேஜ் போர்டு கோடு இல்ல.

இன்னொண்ணு. 40 கேள்வில பத்துக்கு ஏழு சரியா போடுற பையன் ஒருநாள் 26 எடுப்பான், ஒருநாள் 31 எடுப்பான், ரெண்டும் அதே பையன்தான், அவன் படிப்புல ஒண்ணும் ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல. மேல கீழ மூணு மார்க் ஆடுறது இயற்கை. ஒரே ஒரு பேப்பர வச்சு அழவும் வேணாம் ஆடவும் வேணாம்.

ஆனா எனக்கு நெருடுறது அந்த 25. பதினொண்ணாங்கிளாஸ் பையன் தன் எஃப்ஆர்க்யூவ தானே திருத்தினா மனசுல நெனச்சதுக்கெல்லாம் மார்க் போட்டுப்பான், பேப்பர்ல எழுதினானான்னு பாக்கமாட்டான். நீங்க அக்கவுண்ட்ஸ்னு சொன்னீங்கல்ல, நீங்களே திருத்துங்க. நெஜமாத்தான் சொல்றேன். கைடு பின்னாடி மார்க் போடுற முறை வரிவரியா இருக்கும், இந்த வரி இருந்தா 1 மார்க், இந்த சமன்பாடு இருந்தா 1 மார்க்னு. ஆடிட்டர் வவுச்சர் பாக்குற மாதிரி பாருங்க, பில் இருந்தா பாஸ், பில் இல்லேன்னா வெட்டு. அவன் பக்கத்துல நின்னு "அம்மா அது அர்த்தம் அதான்"னு சொன்னா காதுல வாங்காதீங்க.

கே_ஆர்_புரம்_மாமா

எதுக்கும்மா இந்த அமெரிக்கா பரீட்சையெல்லாம், ஜேஇஇ எழுத சொல்லுங்க, நம்ம காலத்துல

ஹூடி_அம்மா

மாமா அதையும்தான் எழுதப்போறான், அந்த சண்டை எங்க வீட்டுலயே தெனமும் நடக்குது, இங்கயும் வேணாம்.

போனவருஷ_பலியாடு

அக்கா நான் 2025 மேல எழுதினேன், புது பேட்டர்னோட மொத பேட்ச், 4 வந்துச்சு. வாத்தி சொன்னது கரெக்டு, நான் மாக் டெஸ்ட்ல எனக்கு நானே அள்ளிக்குடுத்துக்கிட்டு 5 கன்ஃபர்ம்னு ஃப்ரெண்ட்ஸ்க்கெல்லாம் பானிபூரி வாங்கிக்குடுத்தவன், ஜூலைல ரிசல்ட் வந்தப்போதான் தெரிஞ்சுது.

நான் பண்ண தப்பையெல்லாம் சொல்றேன் தம்பிய பண்ணவேணாம்னு சொல்லுங்க. எம்சிக்யூவ 55 நிமிஷத்துல முடிச்சுட்டு கெத்தா உக்காந்திருந்தேன், மிச்ச நேரம் எஃப்ஆர்க்யூக்கு வரும்னு மனசுல ஒரு நெனப்பு, வராது, ரெண்டும் தனித்தனி. ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம் முழுசா இருக்கு, பழைய பேட்டர்ன்ல ஒரு நிமிஷம் சொச்சம்தான், அதனால ஓட வேண்டிய அவசியமே இல்ல. அப்புறம் ஜேஇஇ கோச்சிங் பழக்கத்துல தெரியாத 5 கேள்விய பிளாங்க் விட்டேன், அங்க தப்புக்கு மைனஸ் 1, இங்க மைனஸே கிடையாது!! நாலு ஆப்ஷன்ல கண்ண மூடி குத்தியிருந்தா கூட ஒண்ணாவது ஒட்டியிருக்கும், இப்போ நெனச்சாலும் வயிறு எரியுது.

எஃப்ஆர்க்யூல மொத கேள்வி டெரிவேஷன், எனக்கு புடிச்ச ஐட்டம், 40 நிமிஷம் அதுலயே போச்சு. 40 மார்க்குக்கு 100 நிமிஷம்னா மார்க்குக்கு ரெண்டரை நிமிஷம், அப்போ 10 மார்க் கேள்விக்கு 25 நிமிஷம், 12க்கு 30, கடைசி 8க்கு 20, இத கைல எழுதிக்கிட்டு போகாத குறையா மனப்பாடம் பண்ணிக்க சொல்லுங்க. கடைசி கேள்விய நான் படிச்சதே பத்து நிமிஷம் இருக்கும்போதுதான்.

அப்புறம் எம்சிக்யூ லேப்டாப்ல, காலேஜ் போர்டோட ப்ளூபுக் ஆப்ல. எஃப்ஆர்க்யூ கேள்வி ஸ்கிரீன்ல வரும் ஆனா பதில் பேப்பர் புக்லெட்ல கையால எழுதணும். கழுத்து மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கணும், இத ஒருதடவை வீட்டுல பழகிடணும். ஆப்லயே டெஸ்மோஸ் கால்குலேட்டர் இருக்கு, சிபிஎஸ்இ பசங்களுக்கு கால்குலேட்டரே தொட்டு பழக்கமில்ல, நான் அங்க போய் சைன் 37க்கு டிகிரியா ரேடியனான்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். சென்டர்ல சார்ஜ் போட பிளக் பாயிண்ட் கூட எல்லாருக்கும் இல்ல, யாருன்னு சொல்லமாட்டேன், ஃபுல் சார்ஜோட போங்க. சில்க் போர்டு டிராஃபிக் வழியா போறதா இருந்தா முந்தின நாளே கெளம்புங்க, ஜோக் இல்ல.

ஹூடி_அம்மா

நேத்து ராத்திரி உக்காந்து திருத்தினேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு, வாத்தி சார் உங்களுக்கு ஒரு கும்பிடு. அவன் போட்டுக்கிட்டது 8, 7, 5, 5. நான் போட்டது 7, 5, 2, 3. மொத்தம் 17. அப்போ 54 இல்ல, 46தான்.

எங்க போச்சுன்னு சொல்றேன். விசைப் படம் வரையுற கேள்வில கீழ்நோக்கி எடைய போட்டுட்டு, அதோட அத ரெண்டா பிரிச்சும் அம்புக்குறி போட்டு வச்சிருக்கான், அதுக்கு மார்க் கிடையாதுன்னு பின்னாடி தெளிவா இருக்கு. எக்ஸ்பெரிமென்ட் கேள்வில என்ன அளக்கணும்னு எழுதியிருக்கான், எதால அளக்கணும்னு இல்ல, திரும்பத் திரும்ப செஞ்சு சராசரி எடுக்கணும்னும் இல்ல. கிராஃப்ல கோடு போட்டிருக்கான், அப்புறம் சாய்வு கண்டுபுடிக்க கோட்டுல இருந்து புள்ளி எடுக்காம டேபிள்ல இருந்து ரெண்டு எண்ண எடுத்திருக்கான், அவன் எடுத்த புள்ளில ஒண்ணு கோட்டு மேலயே இல்ல. கடைசி கேள்வில "காரணம் கூறு"ன்னு கேட்டா "ஏன்னா ஃபார்முலாப்படி"ன்னு எழுதி வச்சிருக்கான். இதுக்கு நான் எப்படி சார் மார்க் போடுறது.

அவன் ரொம்ப நேரம் சண்டை போட்டான், அப்புறம் ரூம் கதவ சாத்திக்கிட்டான்.

ஜெயநகர்_வாத்தி

கதவ சாத்திக்கிட்டா நல்லது, உறைச்சிருக்கு.

நீங்க எழுதினத படிச்சா பையன் எனக்கு தெரிஞ்சுட்டான் மேடம். கோச்சிங் பசங்க அத்தனை பேரும் இப்படித்தான், பதில் வரும், வழி வராது. 7, 5, 2, 3 பாருங்க, கணக்கு போடுற மொத கேள்வில 10க்கு 7, அங்க பயமில்ல. மிச்ச மூணுலயும் 30க்கு 10தான். பிசிக்ஸ் தெரியாததால போன மார்க் இதுல கொஞ்சம்தான், எழுதாததால போனதுதான் நெறைய, அத ரெண்டரை மாசத்துல தாராளமா திருப்பலாம்.

எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வீட்டுலயே ஒரு வேலை குடுங்க. நட்டு போல்ட்டுல இருக்குற ஒரு நட்ட நூல்ல கட்டி ஜன்னல் கம்பில தொங்கவிட்டு லேசா ஆட்டச் சொல்லுங்க, ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல 10 ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்னு அளந்து பத்தால வகுக்கணும். நூல் நீளம் 40 செமீ, 55, 70, 85, 100னு மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணும் மூணு தடவை. 40 செமீக்கு ஒரு ஆட்டம் 1.27 செகண்ட் பக்கம் வரும், ஒரு மீட்டருக்கு 2 செகண்ட். நேரத்த அப்படியே நீளத்தோட கிராஃப் போட்டா வளைஞ்சு வரும், நேரத்தோட வர்க்கத்த போட்டா நேர்கோடு, அந்த சாய்வுதான் நாலு பை ஸ்கொயர ஜியால (புவியீர்ப்பு முடுக்கம்) வகுத்தது, 4π²/g. சாய்வு 4.0 வந்துச்சுன்னா ஜி 9.9 பக்கம். எத எதோட கிராஃப் போட்டா நேர்கோடு வரும்னு யோசிக்கிறதுதான் அந்த கேள்வியோட உயிரே, வருஷா வருஷம் ஏதோ ஒரு ரூபத்துல வரும். நீளம் அளக்குறப்போ நட்டோட நடு வரைக்கும் அளக்கணும், நூல் முடியுற எடம் வரைக்கும் இல்ல. இத கையால ஒருதடவை செஞ்சவன் "மீட்டர் ஸ்கேலால அளப்பேன், மூணு தடவை செஞ்சு சராசரி எடுப்பேன்"னு எழுத மறக்கவே மாட்டான், ஏன்னா கை வலிச்சிருக்கும்.

"டிரைவ்" (derive, அதாவது வருவி)னு கேட்டா மொத வரி அடிப்படை விதியா இருக்கணும். நியூட்டன் ரெண்டாவது விதியோ ஆற்றல் மாறாமையோ, ஃபார்முலா ஷீட்ல இருக்குற ஒரு சமன்பாடோ. மனப்பாடம் பண்ண ரிசல்ட்ட நேரா எறக்கினா அந்த மொத மார்க் போச்சு. அதே மாதிரி (அ)ல தப்பா வந்த விடைய (ஆ)ல சரியான முறைல போட்டா பெரும்பாலும் (ஆ)வுக்கு மார்க் உண்டு, அதனால (அ) வரலேன்னா ஒரு குறியீடு வச்சுக்கிட்டாவது மேல போகணும், பேனாவ கீழ வைக்கக்கூடாது. கோடு போட்டு அடிச்ச எதையும் திருத்துறவங்க பாக்கமாட்டாங்க, அதனால இன்னொரு நல்ல பதில் எழுதாம எதையும் அடிக்காதன்னு சொல்லுங்க.

இப்போ அந்த "ஃபார்முலாப்படி" வியாதி. இதுக்கு மருந்து நீங்கதான். ஒரு வளையம், ஒரு தட்டு, எடையும் ஆரமும் ஒண்ணு, ஒரே சரிவுல வழுக்காம உருளுது, எது மொதல்ல கீழ வரும்? உங்க பையன் மூணே வரில தட்டுக்கு முடுக்கம் ஜி சைன் தீட்டால மூணுல ரெண்டு பங்கு, வளையத்துக்கு பாதின்னு போட்டுடுவான். இத சமன்பாடே இல்லாம உங்களுக்கு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, நீங்க தமிழ் மீடியம்தானே. உங்களுக்கு புரியுற வரைக்கும் விடாதீங்க. உங்களுக்கு புரிஞ்சுதுன்னா அத அப்படியே இங்கிலீஷ்ல எழுதினா முழு மார்க்.

ஹூடி_அம்மா

சார் நிலைமத் திருப்புத்திறன் (மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா)! இந்த வார்த்தைய இருவது வருஷம் கழிச்சு சொல்றேன், அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ணது. பையன் கிட்ட சொன்னேன், "என்னம்மா வைரஸ் பேரு மாதிரி இருக்கு"ங்குறான்.

எலக்ட்ரானிக்சிட்டி_அப்பா

வாத்தி சார் சொல்றதுல எனக்கு கொஞ்சம் மாற்றுக்கருத்து. என் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதே கதை, ஆனா நாங்க எம்சிக்யூ பக்கம்தான் உழைச்சோம். எஃப்ஆர்க்யூ எழுத பழகுறதுக்கு யாராவது திருத்தணும், எம்சிக்யூவுக்கு ஆன்சர் கீ போதும், வேலைக்கு போற அப்பா அம்மாவுக்கு அதுதான் நடக்கும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோட்ல ஒரு வரி, ஏன் தப்புன்னு. ஒரு மாசத்துல பாத்தா பாதிக்கு மேல சுழற்சிதான், டார்க் (சுத்த வைக்குற திருப்புவிசை), உருளுறது, கோண உந்தம். சுழற்சி வர்ற ரெண்டு யூனிட்ட மட்டும் உக்காந்து முடிச்சோம், நல்லாவே ஏறிச்சு.

ஜெயநகர்_வாத்தி

நீங்க சொல்றது தப்பில்ல சார், சுழற்சி ரெண்டு யூனிட்டும் தலைக்கு 10லருந்து 15 சதவீதம், சேத்தா பேப்பர்ல 20லருந்து 30 சதவீதம் வரைக்கும் போகும், நம்ம பசங்க அத சிலபஸ் கடைசில அவசர அவசரமா முடிக்குறாங்க. விசையும் இயக்கமும் யூனிட்டுக்கு மட்டும் 20லருந்து 25, அதுல இவன் தேறிடுவான்னு நெனைக்குறேன். ஆனா 29ல இருக்குறவன 33க்கு தள்றதவிட 17ல இருக்குறவன 23க்கு தள்றது சுலபம், மேல போகப்போக கஷ்டம். உங்க பொண்ணுக்கு எஃப்ஆர்க்யூ ஏற்கனவே நல்லா இருந்திருக்கும்.

அந்த நோட்டு ஐடியா மட்டும் எடுத்துக்குங்க மேடம், நல்ல ஐடியா. தப்புக்கு பக்கத்துல "சில்லி மிஸ்டேக்"னு எழுதினா ஒத்துக்காதீங்க, என்ன சில்லின்னு எழுதணும். அப்புறம் கால்குலஸ் வர்ற கேள்விய தனியா குறிச்சு வைங்க, வேகத்துக்கு தக்கபடி எதிர்ப்பு விசை வர்ற மாதிரி கேட்டா மாறிகள பிரிச்சு தொகையிடணும், லெவன்த் மேத்ஸ்ல அது இன்னும் வந்திருக்காது, பிசிக்ஸ் சிங்குறதே அதுக்குத்தான்.

போனவருஷ_பலியாடு

காலேஜ் போர்டு சைட்லயே பழைய வருஷ எஃப்ஆர்க்யூ எல்லாம் மார்க் போடுற முறையோட ஃப்ரீயா இருக்கு அக்கா, நெஜ பசங்க எழுதின பதிலும் எதுக்கு எத்தனை மார்க்னும் போட்டிருப்பாங்க, கைடவிட அதுதான் பெஸ்ட்டு. 2025லருந்து வர்ற பேப்பர்தான் புது பேட்டர்ன், அத கடைசிக்கு வைங்க, நான் பழச நாலு நாளா பிரிச்சு பிரிச்சு பாத்து வீணாக்கினேன். பழசு 15 மார்க் கேள்வி, 15 நிமிஷம், அதனால நேரம் அப்படியே ஒத்துவராது, கேள்விதான் முக்கியம்.

ஹூடி_அம்மா

மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டு போலாம்னு வந்தேன்.

நட்டு தொங்கவிட்டது எங்க வீட்டு கர்ட்டன் ராடுல, ரெண்டாவது நாளே ராடு கழண்டு வந்துடுச்சு, ஜன்னல் கம்பின்னு நீங்க சொன்னத அவன் கேக்கல. அப்புறம் பால்கனி துணிக்கொடில கட்டினான், கொடியும் சேந்து ஆடுது, சாய்வு 4.4 வந்துச்சு, ஜி 9ங்குறான். அத வச்சே "கொடி ஆடுறதால பிழை, அசையாத எடத்துல கட்டணும்"னு ஒரு பக்கம் எழுதினான், நான் முழு மார்க் போட்டேன்.

வளையம் தட்டு கதை நாலு தடவை சொன்னான், மூணு தடவை எனக்கு புரியல. நாலாவது தடவை "அம்மா, ரெண்டும் ஒரே உயரத்துல இருந்து எறங்குது, கைல இருக்குற காசு ஒண்ணு. வளையத்துக்கு எடை பூரா ஓரத்துல இருக்கு, அதனால சுத்துறதுக்கே பாதி காசு செலவாயிடுது, முன்னாடி போறதுக்கு கம்மியாத்தான் மிச்சம். தட்டுக்கு எடை நடுவுலயும் இருக்கு, சுத்துறதுக்கு கம்மியா செலவு, மிச்சம் ஜாஸ்தி, அதான் சீக்கிரம் வருது"ன்னான். அக்கவுண்ட்ஸ் காரிக்கு இது புரியாம இருக்குமா. காசுக்கு பதிலா எனர்ஜின்னு போட்டு எழுதுடான்னேன்.

போன சனிக்கிழமை வேற ஒரு மாடல் பேப்பர், எம்சிக்யூ 31, பிளாங்க் ஒண்ணு கூட இல்ல, எஃப்ஆர்க்யூ நான் போட்டது 7, 6, 6, 4. மொத்தம் 54. அவன் மொதல்ல தனக்கு தானே போட்டுக்கிட்ட அதே 54, இப்போ பில்லோட. கால்குலேட்டர்ல போடல, அவனும் கேக்கல.

வாத்தி சார், உங்க கோட்டுக்கு இன்னும் ரெண்டு கம்மி. ஒரு சந்தேகம், கயிறோட சேந்து கப்பியும் சுத்துற கேள்வில, கயிறோட ரெண்டு பக்கமும் இழுவிசை ஒண்ணுன்னு போட்டு ரெண்டு மார்க் விட்டிருக்கான், அத எப்படி சொல்லி புரிய வைக்குறது?

ஜெயநகர்_வாத்தி

கப்பிக்கு எடை இருக்கா இல்லையான்னு கேள்வில மொதல்ல பாக்கச் சொல்லுங்க. எடையே இல்லேன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணு. எடை இருந்து, கயிறு வழுக்காம கப்பியும் வேகம் எடுத்து சுத்துச்சுன்னா அத சுத்த வைக்க யாரோ டார்க் குடுக்கணும்ல, ரெண்டு பக்க இழுவிசையோட வித்தியாசம்தான் அந்த டார்க்க குடுக்குது, ரெண்டும் ஒண்ணுன்னா கப்பி வேகம் எடுக்கவே முடியாது. கப்பிக்கும் தனியா ஒரு விசைப் படம் போடச் சொல்லுங்க, புள்ளியா இல்ல, வட்டமா, எந்த எடத்துல இழுக்குதுன்னு தெரியுற மாதிரி.

துணிக்கொடிய அவுத்துட்டீங்களா?

ஹூடி_அம்மா

இல்ல சார், நட்டு இன்னும் தொங்குது, அதுக்கு பக்கத்துலதான் துணி காயுது.